ஒற்றை மரபணுவில் ஒரு குணமா?

ஒரே வயிற்றில் பிறந்த இருவர். ஒரே வீட்டுச் சோறு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே தெரு. தேர்வு முடிவு வருகிறதென்றால் மூத்தவளுக்கு முந்தின இரவு தூக்கம் பிடிக்காது. வயிற்றைப் பிசையும், உள்ளங்கை வியர்க்கும். இளையவனோ அன்று என்ன கிழமை என்பதையே மறந்து பந்தாடப் போயிருப்பான். "அப்படியே அத்தை மாதிரி" என்று மூத்தவளைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். பயந்த சுபாவம், முன்கோபம், எதையும் தாங்கும் மனசு எல்லாம் ரத்தத்தில் வருவதாக நம் குடும்பங்கள் காலங்காலமாக நம்பி வந்திருக்கின்றன.

அந்த நம்பிக்கையில் எவ்வளவு உண்மை இருக்கிறது? குணம் வழிவழியாக வருகிறது என்றால் எதன் வழியாக வருகிறது? ஒரே பெற்றோரின் பிள்ளைகள் ஏன் இவ்வளவு வேறுபடுகிறார்கள்? 1990களின் நடுவில் ஆய்வாளர்கள் சிலர் இதற்கான விடையின் ஒரு நுனி கையில் சிக்கிவிட்டதாக நம்பினார்கள். நம் 17ஆம் குரோமோசோமில் உள்ள நாற்பது சொச்சம் எழுத்துகளே அந்த நுனி. அந்த எழுத்துகள் எப்படிப் புகழ் பெற்றன, அந்தப் புகழ் எப்படிக் கரைந்தது, கரைந்தபின் எது மிஞ்சியது என்பதை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

நெட்டையும் குட்டையும்

நம் ஒவ்வொரு செல்லிலும் உள்ள டி.என்.ஏ. நான்கே எழுத்துகளில் எழுதப்பட்டது. தாயிடமிருந்து ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள், தந்தையிடமிருந்து அதே அளவு. இந்த நீண்ட எழுத்துத் தொடரில் ஒரு குறிப்பிட்ட புரதத்தைச் செய்யும் முறை அடங்கிய பகுதியே மரபணு. மனிதரிடம் இத்தகைய மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 இருக்கின்றன. எந்த இரு மனிதரை எடுத்தாலும் இந்த எழுத்துகளில் மிகப் பெரும்பாலானவை ஒன்றுபோலவே இருக்கும். சில இடங்களில் மட்டும் எழுத்து மாறியோ கூடியோ குறைந்தோ இருக்கும். மக்கள்தொகையில் பரவலாகக் காணப்படும் அத்தகைய வேறுபாட்டைப் 'பொது மாறுபாடு' என்று அழைப்போம். இது நோயன்று, குறையும் அன்று. ரத்த வகைகள் வேறுபடுவதைப் போல மனித இனத்துக்கே உரிய இயல்பு.

நம் கதைக்குரிய மரபணுவின் பெயர் எஸ்.எல்.சி.6ஏ4. மூளையின் நரம்பு செல்கள் ஒன்றோடொன்று ரசாயனங்கள் வழியாகப் பேசிக்கொள்கின்றன. அந்த ரசாயனங்களில் ஒன்று செரடோனின். மனநிலை, உறக்கம், பசி எனப் பலவற்றில் அதற்குப் பங்குண்டு. ஒரு நரம்பு செல் செரடோனினை வெளியிட்டுச் செய்தி சொன்னதும், மிச்சத்தைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். அந்த வேலையைச் செய்யும் புரதத்துக்குச் 'செரடோனின் கடத்தி' என்று பெயர். எஸ்.எல்.சி.6ஏ4 அதைச் செய்வதற்கான மரபணு. மனச்சோர்வுக்கு மருத்துவர்கள் பரவலாக எழுதித்தரும் ஃபுளூவாக்ஸிடின் போன்ற மாத்திரைகள் இந்தக் கடத்தியைத்தான் தடுக்கின்றன.

இந்த மரபணுவின் முன்பகுதியில், எவ்வளவு புரதம் செய்யவேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் இடத்தில், நாற்பது சொச்சம் எழுத்துகள் சிலருக்கு இருக்கின்றன, சிலருக்கு இல்லை. இருந்தால் அது நெட்டை வடிவம். இல்லாவிட்டால் குட்டை வடிவம். சோதனைச் சாலையில் வளர்த்த செல்களில் குட்டை வடிவம் குறைவான கடத்தியைச் செய்தது. நம் ஒவ்வொருவரிடமும் இந்த மரபணுவின் இரண்டு படிகள் இருப்பதால், ஒருவருக்கு இரண்டும் நெட்டையாகவோ, இரண்டும் குட்டையாகவோ, ஒன்று நெட்டையும் ஒன்று குட்டையுமாகவோ அமையும்.

1996: முதல் செய்தி

ஜெர்மனியின் வியூர்ட்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த கிளாவுஸ்-பேட்டர் லெஷ் தலைமையிலான குழு, அமெரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து 1996 நவம்பரில் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. 505 பேரின் மரபணு வடிவத்தையும், கேள்வித்தாள் மூலம் அளந்த அவர்களது கவலைச் சுபாவத்தையும் குழு ஒப்பிட்டிருந்தது. குட்டை வடிவம் உள்ளவர்கள் சராசரியாகச் சற்றுக் கூடுதலாகக் கவலைப்படுபவர்களாக இருந்தார்கள். மனிதருக்கு மனிதர் கவலையில் காணும் வேறுபாட்டில் 3 முதல் 4 சதவீதத்தை இந்த ஒரு மாறுபாடே விளக்குவதாகக் கட்டுரை கூறியது.

3 சதவீதம் கேட்பதற்குச் சிறிதுதான். ஆனால் மனிதக் குணம் போன்ற சிக்கலான ஒன்றில், பெயர் தெரிந்த ஒரு மரபணுவுக்கு அவ்வளவு பங்கு என்பது அன்றைக்குப் பெரிய செய்தி. அடுத்து 2002இல் அகமது ஹரிரியும் சக ஆய்வாளர்களும் 28 பேரை மூளை ஸ்கேன் கருவியில் படுக்கவைத்து, அச்சத்தையும் கோபத்தையும் காட்டும் முகங்களைப் பார்க்கச் செய்தார்கள். மூளையில் அபாயத்தை உணரும் பகுதியான அமிக்டலா, குட்டை வடிவம் உள்ளவர்களிடம் கூடுதலாகச் செயல்பட்டதாக அறிவித்தார்கள்.

இங்கே ஒரு முரண் இருந்தது. கடத்தியைத் தடுக்கும் மாத்திரை மனச்சோர்வைக் குறைக்கப் பயன்படுகிறது. குட்டை வடிவமும் கடத்தியைக் குறைக்கிறது. அப்படியானால் அது கவலையை ஏன் கூட்ட வேண்டும்? வளரும் பருவத்து மூளையில் அதன் விளைவு வேறாக இருக்கலாம் என்று விளக்கம் தந்தார்கள். ஏற்கத்தக்க விளக்கம்தான். ஆனாலும் எந்தப் பக்கம் முடிவு வந்தாலும் பொருந்தும்படி ஒரு விளக்கத்தைச் சொல்ல முடிகிறதென்றால், அங்கே கூடுதல் எச்சரிக்கை தேவை.

டனீடின் பிள்ளைகள்

இந்த மாறுபாட்டை உலகப் புகழுக்குக் கொண்டுபோனது 2003இல் வந்த ஓர் ஆய்வு. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 குழந்தைகளை ஓர் ஆய்வுக் குழு பல ஆண்டுகளாகப் பின்தொடர்ந்து வந்தது. அவ்ஷலோம் காஸ்பி, டெர்ரி மொஃபிட் ஆகியோரும் சக ஆய்வாளர்களும் அவர்களில் 847 பேரின் மரபணு வடிவத்தைப் பார்த்தார்கள். 21 வயதுக்கும் 26 வயதுக்கும் இடையே வேலையிழப்பு, கடன், உடல்நலக் கேடு, வீட்டுப் பிரச்சினை, உறவு முறிவு போன்ற இடர்கள் எத்தனை வந்தன என்று கேட்டுப் பதிந்தார்கள். 26 வயதில் யாருக்கு மனச்சோர்வு நோய் இருக்கிறது என்பதையும் கண்டறிந்தார்கள்.

மரபணு தனியாகப் பெரிய விளைவு எதையும் காட்டவில்லை. இடரும் மரபணுவும் சேர்ந்தபோதுதான் வேறுபாடு தெரிந்ததாகக் கட்டுரை கூறியது. நான்கோ அதற்கு மேலோ இடர்களைச் சந்தித்தவர்களில், குட்டை வடிவம் உள்ளவர்களில் 33 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு வந்தது. இரண்டு படியும் நெட்டையாக இருந்தவர்களில் 17 சதவீதத்தினருக்கே வந்தது. கிட்டத்தட்ட இரு மடங்கு.

இது கேட்பவர் மனத்தைத் தொடும் முடிவு. மரபா, வளர்ப்பா என்ற பழைய வழக்குக்கு இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் தீர்ப்பாகத் தெரிந்தது. ஒருவர் ஏன் அடிமேல் அடி விழுந்தும் நிமிர்ந்து நிற்கிறார், இன்னொருவர் ஏன் உடைந்துபோகிறார் என்ற கேள்விக்கு மரபணுவிலேயே பதில் இருப்பதாகப்பட்டது. ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் இதை மேற்கோள் காட்டின.

கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்

சதவீதத்தைத் தலைகளாக மாற்றிப் பார்த்தால் ஒரு ஆய்வின் பலம் தெரிந்துவிடும். கட்டுரை தரும் விகிதங்களை வைத்துத் தோராயமாகக் கணக்கிடுவோம்.

847 பேரில் நான்கோ அதற்கு மேலோ இடர் கண்டவர்கள் 15 சதவீதம், அதாவது ஏறத்தாழ 127 பேர். அவர்களில் குட்டை வடிவம் உள்ளவர்கள் மொத்தத்தில் 10 சதவீதம், ஏறத்தாழ 85 பேர். மீதமுள்ள 42 பேருக்கு இரண்டும் நெட்டை.

85 பேரில் 33 சதவீதம் என்றால் 28 பேர். 42 பேரில் 17 சதவீதம் என்றால் 7 பேர். நெட்டைக் கூட்டத்திலும் 33 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு வந்திருந்தால் 14 பேர் இருந்திருப்பார்கள். ஆக, உலகெங்கும் பேசப்பட்ட அந்த 'இரு மடங்கு', ஒரு நகரத்தில் ஏழு பேரின் வாழ்க்கை எப்படிப் போனது என்பதில் அடங்கிவிடுகிறது.

ஏழு பேர் என்பது தற்செயலாகவே இப்படியும் அப்படியும் நகரக்கூடிய எண்ணிக்கை. ஆய்வாளர்கள் எல்லா 847 பேரின் தரவையும் சேர்த்துத்தான் புள்ளியியல் சோதனை செய்தார்கள். முறைப்படி அது தேறவும் செய்தது. டனீடின் ஆய்வு மிகுந்த பொறுப்போடு நடத்தப்பட்ட ஒன்று. இருந்தாலும் ஒரு ஊரில், ஒரு முறை, இவ்வளவு சிறிய கூட்டத்தில் கண்டதை உலகத்துக்கே பொதுவான விதியாகக் கொள்ள, வேறு ஊர்களிலும் அது மறுபடி மறுபடி தென்பட வேண்டும்.

கூட்டம் பெருகியது, விளைவு கரைந்தது

மற்ற ஊர்களிலும் தேடினார்கள். சில ஆய்வுகள் ஆம் என்றன, சில இல்லை என்றன, சில தலைகீழாகக் காட்டின. 2009இல் நீல் ரிஷும் சக ஆய்வாளர்களும் 14 ஆய்வுகளைச் சேர்ந்த 14,250 பேரின் தரவுகளை ஒன்றாகத் தொகுத்து 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். குட்டை வடிவத்துக்குத் தனியாகவும் விளைவு இல்லை, இடரோடு சேர்ந்தும் இல்லை. அதே தொகுப்பில் ஒன்று மட்டும் தெளிவாக நின்றது: இடர்கள் கூடக் கூட மனச்சோர்வும் கூடியது. மரபணு எந்த வடிவமாக இருந்தாலும் அதுதான் நிலை.

2011இல் வந்த இன்னொரு தொகுப்பு, பலவகை ஆய்வுகளையும் சேர்த்துக்கொண்டு, விளைவு உண்டு என்றது. எந்த ஆய்வைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதைப் பொறுத்தே முடிவு மாறியது. இதற்குத் தீர்வு காண வேறொரு பெரிய கூட்டுக்குழு, எப்படிக் கணக்கிடப்போகிறோம் என்ற திட்டத்தை முன்கூட்டியே வெளியிட்டுவிட்டு, 38,802 பேரின் தரவை அலசியது. வலுவான விளைவு எதுவும் தென்படவில்லை. 2019இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் பார்டர், மேத்யூ கெல்லர் ஆகியோரின் குழு, மனச்சோர்வுக்குக் காரணம் என்று அதிகம் பேசப்பட்ட 18 மரபணுக்களை எடுத்துக்கொண்டது. சோதனைக்கேற்ப 62,138 முதல் 4,43,264 பேர் வரையிலான தரவில் அவற்றைச் சோதித்தது. கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்த 18 மரபணுக்களைவிட அவை எந்த வகையிலும் மேலானவையாக இல்லை.

வேறொரு சான்றும் இதற்கு ஒத்துப்போகிறது. ஐரோப்பியரிடம் குட்டை வடிவத்தின் பங்கு 40 சதவீதத்தை ஒட்டியது. ஜப்பானியரிடம் அது ஏறத்தாழ 80 சதவீதம். கணக்கெடுப்புகளிலோ ஜப்பானில் மனச்சோர்வு நோய் பல மேற்கு நாடுகளைவிடக் குறைவாகவே பதிவாகிறது. நோயை வெளியே சொல்லும் வழக்கம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் இதை இறுதிச் சான்றாகக் கொள்ள முடியாது. ஆனால் குட்டை வடிவம் ஒரு பெரிய காரணமாக இருந்திருந்தால் இப்படி நேரெதிராகத் தெரிவதற்கு வாய்ப்புக் குறைவு.

திறமையான பலர் ஏன் வழி தவறினார்கள்? யாரும் ஏமாற்றவில்லை. மூன்று காரணங்கள் சேர்ந்துகொண்டன. ஒன்று, சில நூறு பேரை மட்டும் வைத்துச் செய்த ஆய்வில் தற்செயலும் உண்மையும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டு, 'தொடர்பு இருக்கிறது' என்ற கட்டுரைக்கு இதழில் இடம் கிடைக்கும். 'எதுவும் இல்லை' என்ற கட்டுரை மேசை இழுப்பறையிலேயே தங்கிவிடும். மூன்று, இடர் என்பதைப் பலவிதமாக அளக்கலாம். ஒரு அளவில் வராத விடை இன்னொரு அளவில் வரும். வந்ததை மட்டும் எழுதினால் படிப்பவருக்கு வராத கதை தெரியாது.

அப்படியானால் குணம் எங்கிருந்து வருகிறது?

ஒரு மரபணு தோற்றதால் மரபே இல்லை என்றாகிவிடாது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரையும், தனித்தனிக் கருக்களில் உருவான இரட்டையரையும் ஒப்பிடுவது பழைய, நம்பகமான முறை. முதல் வகையினர் மரபணுவில் ஏறக்குறைய முழுதும் ஒன்று; இரண்டாம் வகையினர் சாதாரண உடன்பிறப்புகளைப் போலப் பாதி. முதல் வகையினர் குணத்தில் கூடுதலாக ஒத்திருந்தால், அந்தக் கூடுதலில் மரபின் பங்கைக் கணக்கிடலாம். 2015இல் வெளிவந்த ஒரு மாபெரும் தொகுப்பு, ஐம்பது ஆண்டு இரட்டையர் ஆய்வுகளிலிருந்து 17,804 பண்புகளை அலசியது. எல்லாப் பண்புகளுக்கும் சேர்த்துச் சராசரி மரபுப் பங்கு 49 சதவீதம். குணநலன்களுக்கு மட்டும் பார்த்தால் அது ஏறத்தாழ 40 சதவீதம்.

இந்த 40 சதவீதத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒருவருடைய கவலையில் நூற்றுக்கு நாற்பது பங்கு மரபணுவிலிருந்து வந்தது என்பது இதன் பொருளாகாது. ஒரு மக்கள் கூட்டத்தில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் அவ்வளவு, மரபு வேறுபாட்டோடு சேர்ந்து போகிறது என்பதே பொருள். கூட்டம் மாறினால், வாழ்நிலை மாறினால், இந்த எண்ணும் மாறும்.

மரபின் பங்கு இவ்வளவு இருந்தும் ஏன் ஒரு மரபணுவைச் சுட்டிக்காட்ட முடியவில்லை? அந்தப் பங்கு ஆயிரக்கணக்கான இடங்களில் துளித்துளியாகச் சிதறிக் கிடக்கிறது. ஏரியை நிறைப்பவை நாலா பக்கத்திலிருந்தும் வரும் எண்ணற்ற சிற்றோடைகள். அவற்றில் ஒன்றை அடைத்தால் நீர்மட்டத்தில் எதுவும் தெரியாது. இன்று ஆய்வாளர்கள் முன்கூட்டி ஒரு மரபணுவைத் தேர்ந்தெடுப்பதில்லை. லட்சக்கணக்கானவர்களின் டி.என்.ஏ. முழுவதிலும் பல லட்சம் இடங்களை ஒரே நேரத்தில் அலசுகிறார்கள். 2018இல் 4,49,484 பேரை வைத்துச் செய்த அலசலில் கவலைச் சுபாவத்தோடு தொடர்புள்ள 136 இடங்கள் தெரிந்தன. 2019இல் 8,07,553 பேரை வைத்து மனச்சோர்வோடு தொடர்புள்ள 102 மாறுபாடுகள் கண்டறியப்பட்டன. ஒவ்வொன்றின் பங்கும் மிக மிகச் சிறிது.

உடன்பிறப்புகள் ஏன் வேறுபடுகிறார்கள் என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் வருகிறது. ஆனால் எந்தப் பாதி என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலைத்துத் தேர்வாகிறது. ஆயிரக்கணக்கான துளிகள் மூத்தவளுக்கு ஒருவிதமாகவும் இளையவனுக்கு வேறுவிதமாகவும் சேர்ந்துவிடுகின்றன. அத்தையின் சாயல் தெரிவது மெய்யாகவே இருக்கலாம். ஆனால் அந்தச் சாயல் எந்த ஒரு மரபணுவிலும் எழுதப்பட்டிருப்பதில்லை.

நடத்தையை மெய்யாகவே மாற்றும் ஒரு மாறுபாடு

ஒற்றை மாறுபாடு நடத்தையைப் பெரிதாக மாற்றும் அபூர்வமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. மது உடலுக்குள் போனதும் கல்லீரல் அதை முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்றுகிறது. பின்பு ஏ.எல்.டி.எச்.2 என்ற நொதி அந்த நச்சை முறிக்கிறது. கிழக்காசியாவில் பலருக்கு இந்த நொதிக்கான மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பதால் நொதி சரிவர வேலை செய்யாது. இரண்டு மடக்குக் குடித்தாலே முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், குமட்டும். உலக மக்களில் ஏறத்தாழ 8 சதவீதத்தினரிடம் இந்த மாறுபாடு இருக்கிறது. இரண்டு படியும் மாறியிருப்பவர்களில் மதுவுக்கு அடிமையானவர் அநேகமாக இல்லை.

இங்கே விளைவு பெரிதாக இருப்பதற்கு, மரபணுவுக்கும் நடத்தைக்கும் இடையே உள்ள தூரம் குறைவு என்பதே காரணம். ஒரு நொதி முடங்குகிறது, ஒரு நச்சு தேங்குகிறது, உடல் குமட்டுகிறது, கை கோப்பையைத் தள்ளிவைக்கிறது. கவலை என்பதற்கும் செரடோனின் கடத்திக்கும் இடையே மூளை முழுவதும், குழந்தைப் பருவம் முழுவதும், வாழ்க்கை முழுவதும் இருக்கின்றன.

இவ்வளவு வலுவான மாறுபாட்டின் காவலையும் சமூகம் தளர்த்த முடியும். ஜப்பானில் மது நோயாளிகளை ஆராய்ந்தபோது, ஒரு படி மட்டும் மாறியவர்கள் 1979இல் அவர்களிடையே 2.5 சதவீதமாக இருந்தார்கள்; 1986இல் 8 சதவீதம்; 1992இல் 13 சதவீதம். பதின்மூன்று ஆண்டுகளில் ஒரு நாட்டின் மரபணு மாறிவிடாது. மாறியது குடிப் பழக்கமும் அதைச் சூழ்ந்த வாழ்க்கையும்தான்.

அறிக்கையும் தீர்ப்பும்

ஆய்வுக்கூடத்தில் ஒரு கருத்து கைவிடப்பட்ட பிறகும் வெளியே அது நடமாடிக்கொண்டிருக்கும். 2009இல் இத்தாலியின் திரியெஸ்டே நகர மேல்முறையீட்டு நீதிமன்றம், வன்முறையோடு தொடர்புடையதாகச் சொல்லப்பட்ட மரபணு வடிவங்கள் இருப்பதைக் கருத்தில் கொண்டு, ஒரு கொலைக் குற்றவாளியின் தண்டனையில் ஓராண்டைக் குறைத்தது. எச்சிலைக் குப்பியில் அனுப்பினால் உங்கள் குழந்தையின் குணத்தையும் திறமையையும் சொல்கிறோம் என்று விளம்பரம் செய்பவர்களும் உண்டு. ஓரிரு மரபணுக்களை வைத்துக்கொண்டு 'கவலை மிக்கவர்', 'துணிச்சலானவர்' என்று அறிக்கை தருவதற்கு இன்றைய அறிவியலில் அடிப்படை கிடையாது. அதை நம்பி ஒரு பிள்ளைக்குப் பெயர் சூட்டிவிட்டால், அந்தப் பெயருக்கேற்ப அவளை நடத்தத் தொடங்குவோம். மரபணு செய்யாத வேலையை அந்த அறிக்கை செய்துவிடும்.

இரண்டு பத்தாண்டு உழைப்பு வீண் என்று நான் கருதவில்லை. தான் கொண்டாடிய ஒன்றைத் தானே பெரிய கூட்டத்தில் சோதித்து, தவறென்று அச்சில் சொன்ன துறை நம் மரியாதைக்குரியது. அந்தச் சோதனைகளில் நெட்டையும் குட்டையும் கரைந்தபோது, கரையாமல் நின்றவை வேலையிழப்பு, கடன், நோய், உறவு முறிவு ஆகியவை. அவற்றைக் கண்டுபிடிக்க டி.என்.ஏ. தேவையில்லை, குறைக்க வழிகளும் நமக்குத் தெரியும். மனம் உடைந்து நிற்கும் ஒருவரைப் பார்த்து "இது அவங்க குடும்ப ரத்தம்" என்று சொல்லி நகர்ந்துவிடாமல், அவருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டு, தேவையென்றால் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதுதான் இந்த ஆய்வுகள் எல்லாம் நமக்குச் சொல்லும் உறுதியான பாடம்.